முன் வலது சக்கரம்

ஓட்டுநர்: குடையை எனக்குப் பிடிக்கிறியா, இல்ல ஊருக்குப் பிடிக்கிறியா?

மாப்பிள்ளை: உங்களுக்குத்தான் மச்சான்.

ஓட்டுநர்: அப்ப என் கழுத்துல ஏன் ஊத்துது?

மாப்பிள்ளை: காத்து அந்தப் பக்கம் அடிக்குது. குடை இந்தப் பக்கம் சாயுது. நான் என்ன பண்ண?

ஓட்டுநர்: சக்கரம் மாட்டத் தெரிஞ்ச ஆளுக்கு ஒரு குடை பிடிக்கத் தெரியல. என் தங்கச்சி எப்படித்தான் உன்கூட குடும்பம் நடத்துறாளோ.

மாப்பிள்ளை: அவ தனியா ஒரு குடை வெச்சிருக்கா.

மேனேஜர்: கேக்குதா? குடைச் சண்டையை நிறுத்துங்க. மைக் திறந்திருக்கு. இங்க ஷெட்டுல எட்டுப் பேர் காதுல மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்.

ஓட்டுநர்: கேக்குது சார்.

மேனேஜர்: ரேஸை மறுபடி ஆரம்பிக்கிறதை இன்னும் கால் மணி நேரம் தள்ளி வெச்சிருக்காங்க.

ஓட்டுநர்: மறுபடியுமா? ஒரு மணி நேரமா இந்த வண்டித் தொட்டிக்குள்ள கிடக்கிறேன் சார். இடுப்புக்குக் கீழ எதுவும் இருக்கான்னே தெரியல.

மேனேஜர்: இறங்கி வாயேன். மத்தவங்க எல்லாம் இறங்கிட்டாங்க. யாரு வேண்டாம்னா?

ஓட்டுநர்: ...வேண்டாம். இருக்கேன்.

மேனேஜர்: இரு, இரு. நீ கேட்டு வாங்கினதுதானே? 'தண்ணி, தண்ணி, ஒண்ணும் தெரியல, ரேஸை நிறுத்துங்க'ன்னு கத்தினது யாரு? உன் குரலைப் பெரிய ஸ்பீக்கர்ல போட்டாங்க தம்பி. மைதானமே சிரிச்சுது.

மாப்பிள்ளை: தண்ணி நிறையத்தான் சார் இருந்தது.

மேனேஜர்: உன்னைக் கேட்டேனா?

மாப்பிள்ளை: இல்ல சார்.

மேனேஜர்: ரெண்டாவதா போயிட்டிருந்த வண்டி. ஒம்பது வருஷத்துல முதல் தடவை. உள்ள வந்தான், டயர் மாத்தினோம், வெளிய போனான்... அவ்வளவுதான். மாட்டு வண்டி மாதிரி உருட்டுறான். ரெண்டே சுத்து. ஆறாவது.

ஓட்டுநர்: வளைவுல ஏரி மாதிரி நிக்குது சார்.

மேனேஜர்: அந்த ஏரியிலதானே மத்தவனும் ஓட்டினான்? அவனுக்கெல்லாம் என்ன, துடுப்பா கொடுத்திருக்கு?

ஓட்டுநர்: மூணு வண்டி சுத்திக்கிட்டு மண்ணுல போய் நின்னுச்சே.

மேனேஜர்: அவங்க சுத்தினாங்க. நீ சுத்தவும் இல்ல, ஓட்டவும் இல்ல. சும்மா இருந்துக்கிட்டே அழுதே.

மாப்பிள்ளை: சார், ஒரு விஷயம்...

மேனேஜர்: என்ன?

மாப்பிள்ளை: இந்த முன் சக்கரத்துல புல்லு ஒட்டியிருக்கு. எடுத்துடட்டுமா?

ஓட்டுநர்: தொடாதே.

மேனேஜர்: தொடாதே! பைத்தியமா உனக்கு? ரேஸ் அதிகாரி, அந்த மஞ்சள் கோட்டுக்காரர் எங்க நிக்கிறார்?

மாப்பிள்ளை: பின்னாடிதான் சார். நோட்டை பிளாஸ்டிக் பைக்குள்ள விட்டு எழுதிக்கிட்டிருக்கார்.

மேனேஜர்: கிளம்பப் பத்து நிமிஷம்னு பலகை காட்டுற வரைக்கும் வண்டிக்கு ஒரு ஆளு, ஒரு குடை. விரல் பட்டா அவர் எழுதுவார். எழுதினா கடைசிக்குப் போவோம். நாலு வருஷமா இந்த வேலையில இருக்கே, இதைக்கூட நான் சொல்லணுமா?

மாப்பிள்ளை: தெரியும் சார். பலகை காட்டினப்புறம் டயர் மாத்தலாம் இல்ல?

மேனேஜர்: மாத்தலாம். அதுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். டயரை விட்டு வேற எதுல கை வெச்சாலும் காரணம் எழுதி, பேரு போட்டு, அந்த மனுஷன்கிட்ட கொடுக்கணும். ஏன்?

மாப்பிள்ளை: சும்மா கேட்டேன்.

மேனேஜர்: சும்மா கேக்காதே. இன்னைக்கு ஒருத்தனும் சும்மா இல்ல. பச்சை வண்டிக்கு நடந்தது தெரியுமா? சக்கரம் மாட்டுறவன் 'முடிஞ்சுது, போ'ன்னு கையைத் தூக்கல, அதுக்குள்ள ஓட்டுறவன் கிளம்பிட்டான். இவ்வளவுதான், ஒரு முழம் நகர்ந்தான். வண்டியை உருட்டிக் கொண்டுபோய் உள்ள நிறுத்திட்டாங்க. ரேஸ் முடிஞ்சுது அவனுக்கு.

ஓட்டுநர்: ஒரு முழத்துக்கா?

மேனேஜர்: சட்டம் அப்படி. சக்கரம் மாட்டுற ஆள் தப்பு பண்ணா ஆள் வெளிய. ஓட்டுநர் தப்பு பண்ணா வண்டியே வெளிய. கேக்குதா?

ஓட்டுநர்: கேக்குது சார். மணி என்ன மாப்பிள்ளை?

மாப்பிள்ளை: இப்பத்தானே கேட்டீங்க?

ஓட்டுநர்: இப்ப என்ன மணி?

மாப்பிள்ளை: அப்ப சொன்னதுக்கு மேல அஞ்சு நிமிஷம். உங்க தங்கச்சி சொல்றது சரிதான். 'எங்க அண்ணன் லிஃப்ட் கதவு திறக்கிறதுக்குள்ள உள்ள போகப் பார்த்து நெத்தியில வாங்கினவர்'னு.

ஓட்டுநர்: அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. அதைச் சொல்லிச் சொல்லியே முப்பது வருஷம் ஓட்டிட்டா.

மாப்பிள்ளை: எங்க கல்யாணத்துல போட்டோக்காரர் 'ரெடி'ங்கிறதுக்குள்ள நீங்க ஃப்ரேமை விட்டுப் போயிட்டீங்க. எல்லாப் போட்டோலயும் உங்க முழங்கை மட்டும்தான் இருக்கு.

ஓட்டுநர்: பசி.

மேனேஜர்: கல்யாணக் கதையை வீட்டுல பேசுங்க. டயரைப் பத்திப் பேசுவோம். மாத்த வேண்டாம். இப்ப இருக்கிற, லேசான ஈரத்துக்கான அரைமழை டயரே இருக்கட்டும். ரேடார்ல மேகம் விலகுது. அரை மணியில தரை காயும்.

ஓட்டுநர்: முழுமழை டயர் போடலாம் சார்.

மாப்பிள்ளை: போடலாம் சார். அதான் நல்லது.

மேனேஜர்: ...என்ன?

ஓட்டுநர்: முழுமழை டயர்.

மேனேஜர்: மழை குறையுதுங்கிறேன். நீ முழுமழைங்கிறே.

ஓட்டுநர்: இங்க குறையல சார். என் கழுத்துல வந்து பாருங்க.

மேனேஜர்: அது குடை பிடிக்கிறவன் லட்சணம். முழுமழை டயர்னு நம்மகிட்ட இருக்கிறது ஒரே செட்டு. காலையிலேயே ஓட்டி மொட்டையாக்கி வெச்சிருக்கே. அதைப் போட்டா அஞ்சு சுத்துல கிழிஞ்சு தொங்கும்.

மாப்பிள்ளை: அப்ப அரைமழையிலேயே வேற செட்டு?

மேனேஜர்: இல்ல. இருந்தது. நேத்து ஓரக் கல்லு மேல ஏத்தி நாலையும் கெடுத்தது யாரு? அந்த ஆளு அங்கதான் குடைக்குக் கீழ உட்கார்ந்திருக்கான். கேட்டுப் பாரு.

ஓட்டுநர்: மொட்டையா இருந்தாலும் பரவாயில்ல சார்.

மேனேஜர்: இரு, இரு. தண்ணியில ஓட்ட முடியலன்னு அழுத ஆளு, மொட்டை டயர்ல ஓட்டுறேங்கிறான். சக்கரம் மாட்டுறவன், நாலு வருஷத்துல டயரைப் பத்தி வாயே திறக்காதவன், இன்னைக்கு ஆலோசனை சொல்றான். என்னய்யா நடக்குது அங்க?

மாப்பிள்ளை: ஒண்ணும் இல்ல சார். நனைஞ்சுக்கிட்டு நிக்கிறோம்.

மேனேஜர்: சொந்தக்காரங்களை ஒரே வண்டியில போட்டா இப்படித்தான். ஒருத்தன் ஆமான்னா ஒருத்தன் ஆமாமான்னு. நான் அதிகாரிங்க ரூமுக்குப் போறேன், கூப்பிடுறாங்க. வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க. எதையும் யோசிக்கவும் வேண்டாம்.

ஓட்டுநர்: சரி சார்.

மாப்பிள்ளை: ...போயிட்டாரா?

ஓட்டுநர்: பொறு. மைக் ஒயரைக் கழட்டுறேன். உன்னோடதையும் கழட்டு.

மாப்பிள்ளை: கழட்டிட்டேன். சக்கரம் ஆடுச்சா?

ஓட்டுநர்: ஆடாம? ரெண்டாவது வளைவுலயே தெரிஞ்சுபோச்சு. ஸ்டியரிங் கையில துடிக்குது. வலது பக்கம் சாய்ச்சா ஒரு தட்டு. இடது பக்கம் சாய்ச்சா ஒரு தட்டு.

மாப்பிள்ளை: முன் வலது.

ஓட்டுநர்: முன் வலதுதான். உன் சக்கரம்.

மாப்பிள்ளை: தெரியும்.

ஓட்டுநர்: ரெண்டு சுத்து அதை வெச்சுக்கிட்டு உருட்டியிருக்கேன். நேர் ரோட்டுல பின்னாடி வர்றவன் எல்லாம் திட்டிக்கிட்டே தாண்டுறான். எந்த நிமிஷம் கழண்டு யார் தலையில விழுமோன்னு...

மாப்பிள்ளை: உடனே நின்னிருக்கலாமே மச்சான். ஓரமா நிறுத்தியிருக்கலாமே.

ஓட்டுநர்: நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க.

மாப்பிள்ளை: அதனால மழை.

ஓட்டுநர்: வேற என்ன சொல்றது? மேல இருந்து கொட்டிக்கிட்டிருந்துச்சு. கைக்குக் கிடைச்சுது. சொன்னேன். மூணு வண்டி சுத்துச்சு, என் நல்ல நேரம், நிறுத்திட்டாங்க.

மாப்பிள்ளை: நல்ல நேரமாம்.

ஓட்டுநர்: நக்கல் பண்ணாதே. டயரை மாத்திட்டா நாலு சக்கரத்து நட்டும் கழண்டு புதுசா இறுகும். ஒருத்தனுக்கும் தெரியாது.

மாப்பிள்ளை: அவர்தான் மாத்த மாட்டேங்கிறாரே. மாத்தலேன்னா? அப்படியே போவீங்களா?

ஓட்டுநர்: அவரை எப்படியாவது மாத்த வைக்கணும்.

மாப்பிள்ளை: இல்லேன்னா சொல்லணும்.

ஓட்டுநர்: என்னன்னு?

மாப்பிள்ளை: நட் சரியா உட்காரலன்னு.

ஓட்டுநர்: ஏன் உட்காரலன்னு கேப்பாங்களே.

மாப்பிள்ளை: கேப்பாங்க.

ஓட்டுநர்: என்ன சொல்லுவே?

மாப்பிள்ளை: நீங்க என்ன சொல்லுவீங்க?

ஓட்டுநர்: நான் என்ன சொல்ல... நட்டு இறுக்குற ஏர் கன் உன் கையில இருந்தது.

மாப்பிள்ளை: ஆமா. என் கையிலதான் இருந்தது.

ஓட்டுநர்: போன மாசமும் ஒருதடவை கன் நழுவி உனக்கு எச்சரிக்கை கொடுத்திருக்காங்க.

மாப்பிள்ளை: கொடுத்திருக்காங்க. நீங்க ஞாபகப்படுத்தணுமா?

ஓட்டுநர்: கோவப்படாதே. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

மாப்பிள்ளை: குடையைக் கொஞ்சம் நீங்களே பிடிச்சுக்கிறீங்களா? கை கடுக்குது.

ஓட்டுநர்: மாப்பிள்ளை...

மாப்பிள்ளை: ஒயரை மாட்டுங்க. அவர் ஓடி வர்றார்.

மேனேஜர்: கேக்குதா? கேக்குதா? ஏன் யாருமே பதில் சொல்லல?

ஓட்டுநர்: தண்ணி போயிருச்சு சார் ஒயர்ல. இப்பக் கேக்குது.

மேனேஜர்: உனக்கு எல்லாத்துலயும் தண்ணி. சரி, கேளு. உட்கார்ந்துதானே இருக்கே? ரெண்டாவது!

ஓட்டுநர்: என்ன ரெண்டாவது?

மேனேஜர்: ரேஸை நிறுத்துறதுக்கு ரெண்டு சுத்து முன்னாடி என்ன வரிசையோ அதையே வெச்சுக்கப் போறாங்களாம். நீ மாட்டு வண்டி ஓட்டினது கணக்குலயே இல்ல. ரெண்டாவதா கிளம்புறே. பன்னெண்டு சுத்துதான் பாக்கி.

மாப்பிள்ளை: ரெண்டாவதா!

மேனேஜர்: மேல பாரு. அந்தப் பக்கம் நீலம் தெரியுது. முன்னாடி நிக்கிறவன் முழுமழை டயர் போடுறான். நாலு சுத்துல அவன் டயர் வெந்துபோகும். நீ தாண்டுறே. ஒம்பது வருஷமா உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டிருக்கேன் தம்பி. அடுத்த வருஷம் உன்னை வெச்சுக்கிறதா வேண்டாமான்னு நாளைக்குக் கூட்டம். இன்னைக்கு ஒரு தடவை ஒழுங்கா ஓட்டிடு.

ஓட்டுநர்: சார்... டயர்...

மேனேஜர்: டயர்ங்கிற வார்த்தை உன் வாயில வரக்கூடாது.

மாப்பிள்ளை: சார், பத்து நிமிஷப் பலகை காட்டிட்டாங்க.

மேனேஜர்: பார்த்தேன். யாரும் ஓட வேண்டாம். நாம எதையும் மாத்தல. பேட்டரி மட்டும் மாட்டுங்க, அதுக்கு எழுதிக் கொடுத்தாச்சு.

ஓட்டுநர்: சார், முன்னாடி மட்டுமாவது மாத்தலாம். முன்னாடி ரெண்டு.

மேனேஜர்: முன்னாடி மொட்டை, பின்னாடி அரைமழை. நல்லா இருக்கும். நேரா சுவத்துல போய் முட்டிக்கோ.

ஓட்டுநர்: காத்து குறையற மாதிரி இருக்கு சார். முன் வலதுல.

மேனேஜர்: இங்க திரையில நாலு டயர் காத்தும் தெரியுது. நாலும் சரியா இருக்கு.

மாப்பிள்ளை: திரை தப்பாக் காட்டலாம் சார்.

மேனேஜர்: நீ வாயை மூடு!

ஓட்டுநர்: அப்ப அந்த ஒரு சக்கரத்தையாவது கழட்டி மாட்டலாம்.

மேனேஜர்: எதுக்கு?

ஓட்டுநர்: ...ஒரு மனத் திருப்திக்கு.

மேனேஜர்: 'மனத் திருப்தி'ன்னு எழுதி மஞ்சள் கோட்டுக்காரர்கிட்ட கொடுக்கவா? என்னய்யா இது? ஒரு மணி நேரமா பார்க்கிறேன். புல்லுங்கிறான், தண்ணிங்கிறான், காத்துங்கிறான், திருப்திங்கிறான். ரெண்டு பேரும் சேர்ந்து என் உயிரை எடுக்கவே வந்தீங்களா?

மாப்பிள்ளை: ஏழு நிமிஷம் மச்சான்.

ஓட்டுநர்: தெரியுது.

மாப்பிள்ளை: நீங்க சொல்றீங்களா?

ஓட்டுநர்: என்னத்தை?

மாப்பிள்ளை: ஆறரை நிமிஷம்.

மேனேஜர்: என்ன சொல்லணும்? யாரு சொல்லணும்?

ஓட்டுநர்: ஒண்ணும் இல்ல சார். சக்கரத்தைத்தான்... ஒருதடவை பாருங்கன்னு...

மாப்பிள்ளை: சார், நான் சொல்றேன்.

ஓட்டுநர்: மாப்பிள்ளை, இரு.

மாப்பிள்ளை: முன் வலது நட் உட்காரல சார். வண்டியை ஜாக்கியில இருந்து இறக்கினதும் கடைசியா ஒரு இறுக்கு இறுக்கணும். அதுக்கப்புறம்தான் கையைத் தூக்கணும். நான் இறுக்குறதுக்கு முன்னாடியே தூக்கிட்டேன்.

மேனேஜர்: எப்ப தெரியும் உனக்கு?

மாப்பிள்ளை: அப்பவே.

மேனேஜர்: அப்பவே! ஒரு மணி நேரமா குடை பிடிச்சுக்கிட்டுப் புல்லு புல்லுன்னு... டேய், மனுஷன்டா உள்ள உட்கார்ந்திருக்கான்! உன் பொண்டாட்டியோட அண்ணன்டா!

மாப்பிள்ளை: ஆமா சார்.

மேனேஜர்: அந்தச் சக்கரத்தோட அவனை அனுப்பியிருப்பியா?

மாப்பிள்ளை: அனுப்பல இல்ல சார். சொல்லிட்டேன் இல்ல.

மேனேஜர்: டயர் மாத்தின அந்த நேரம் பார்த்து நான் ரேடார்ல கண்ணை வெச்சிருந்தேன். டிவிக்காரனும் முன்னாடி வண்டியைத்தான் காட்டினான். ஒருத்தன் கண்ணுலயும் படல. சரி. காரணத்தை எழுதுங்க. 'நட் சரியா இறுகல. சக்கரம் மாட்டியவர் தவறு.' பேரு போடுங்க. மஞ்சள் கோட்டுக்காரர்கிட்ட கொடுங்க. சீக்கிரம்! வேற ஆளு கன் பிடிக்கட்டும். நீ பிடிக்காதே. நீ குடையைப் பிடி.

மாப்பிள்ளை: சரி சார்.

ஓட்டுநர்: சார், ஒரு நிமிஷம்...

மேனேஜர்: நீ பேசாதே. உன்மேல எனக்கு இப்பத்தான் கொஞ்சம் மரியாதை வந்திருக்கு. ஆடுற சக்கரத்தோட ரெண்டு சுத்து... தண்ணின்னு நினைச்சுட்டியா பாவம்? உனக்கு அது தெரியவே இல்லியா?

மாப்பிள்ளை: அவருக்கு எப்படி சார் தெரியும்? அந்தத் தண்ணியில எல்லாமே ஆடின மாதிரிதான் இருக்கும்.

மேனேஜர்: அவனுக்காக நீ வக்காலத்து வாங்காதே. ரேஸ் முடிஞ்சதும் கழுத்துல இருக்கிற அட்டையைக் கழட்டிக் கொடுத்துட்டுப் போயிடு. இனிமே எந்த ஷெட்டுலயும் உன்னைச் சேர்க்க மாட்டாங்க. இந்தத் தொழிலே உனக்கு முடிஞ்சுது. தெரியுமில்ல?

மாப்பிள்ளை: தெரியும் சார்.

மேனேஜர்: கழட்டினாங்களா? எப்படி இருக்கு?

மாப்பிள்ளை: அச்சு மரை நல்லா இருக்கு சார். புது நட் போட்டாச்சு. இறுக்கியாச்சு. கையைத் தூக்கிட்டான்.

மேனேஜர்: தூக்கினானா? கண்ணால பார்த்தியா?

மாப்பிள்ளை: பார்த்தேன்.

மேனேஜர்: மூணு நிமிஷம். எல்லாரும் விலகுங்க. தம்பி, ஆக்சிலேட்டரைப் பார்த்து மிதி. முதல் வளைவுல அவசரப்படாதே. உன் புத்தி எனக்குத் தெரியும்.

ஓட்டுநர்: மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: சொல்லுங்க மச்சான்.

ஓட்டுநர்: மழை நின்னுருச்சு. குடையை மடக்கு.

மாப்பிள்ளை: இருக்கட்டும். வெயில் அடிக்குது, கண்ணாடியில படும்.

ஓட்டுநர்: ஏன்டா அப்படிச் சொன்னே?

மாப்பிள்ளை: மைக் திறந்திருக்கு மச்சான்.

ஓட்டுநர்: நீ பாட்டுக்கு உன் தலையில...

மாப்பிள்ளை: மைக் திறந்திருக்கு. ரெண்டாவதா கிளம்புறீங்க. நிதானமாப் போங்க. உங்க தங்கச்சி கேலரியில உட்கார்ந்திருக்கா.

ஓட்டுநர்: அவகிட்ட என்ன சொல்லுவே?

மாப்பிள்ளை: குடை சரியாப் பிடிக்கலன்னு வேலையை விட்டுத் தூக்கிட்டாங்கன்னு சொல்றேன். நம்புவா.

மேனேஜர்: என்ன குசுகுசு அங்க? ஒரு நிமிஷம்! குடை ஆளு வெளிய வா. தம்பி, எஞ்சின் போடு.

ஓட்டுநர்: மைக் திறந்திருக்கா சார்?

மேனேஜர்: திறந்துதான் இருக்கு. போடு எஞ்சினை!

ஓட்டுநர்: அந்த மஞ்சள் கோட்டுக்காரரைக் கூப்பிடுங்க. பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதச் சொல்லுங்க. அவன் எனக்கு நாலடி முன்னாடி மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான் சார். கன் இன்னும் நட்டு மேலதான் இருந்தது. கையைத் தூக்கவே இல்ல. பார்த்தேன். பார்த்துக்கிட்டேதான் கிளம்பினேன்.